ஓடியவர்கள் மூவர்: ஜான் பஞ்ச் என்னும் மூதாதை

2012இல் அமெரிக்கப் பத்திரிகைகளில் ஒரு வம்சாவளிச் செய்தி அடிபட்டது. அப்போதைய ஜனாதிபதி ஒபாமாவின் மூதாதைகளில் ஒருவர் ஜான் பஞ்ச் என்கிற ஆப்பிரிக்க அடிமை. அதுவும் கென்யாக்காரரான தந்தை வழியில் அல்ல, வெள்ளைக்காரியான தாய் வழியில் என்று ஆன்செஸ்ட்ரி நிறுவனத்தின் ஆய்வாளர்கள் சொன்னார்கள். நேரடி ஆவணச் சான்று கிடையாது. மரபணுச் சோதனை, நிலப்பதிவுகள், குடும்பப் பெயரின் ஒலி ஒற்றுமை எல்லாவற்றையும் சேர்த்துவைத்துச் செய்த ஊகம். செய்தியைப் படித்தவர்களில் பாதிப்பேருக்கு வியப்பு, பாதிப்பேருக்குப் பெருமை. அந்த மூதாதை எந்த வரலாற்றுக்குள் அகப்பட்டு அடிமையானான் என்ற கேள்வி இந்தச் சந்தடியில் காணாமல் போயிற்று.

ஜான் பஞ்ச் பற்றி வரலாற்றின் கையில் இருப்பது ஒரேயொரு தீர்ப்பு, அவ்வளவுதான். 1640 ஜூலை 9. வர்ஜீனியா காலனியின் பொது நீதிமன்றம். ஹியூ க்வின் என்ற பண்ணையாரிடமிருந்து மூன்று வேலையாட்கள் தப்பி, பக்கத்துக் காலனியான மேரிலாந்துக்கு ஓடிப் பிடிபட்டார்கள். மூவருக்கும் தலா 30 சவுக்கடி. அதுவரை தண்டனையில் பேதமில்லை. பிறகுதான் பிரிகிறது. விக்டர் என்ற டச்சுக்காரன், ஜேம்ஸ் கிரெகரி என்ற ஸ்காட்லாந்துக்காரன் இருவரும் ஒப்பந்தக் காலம் முடிந்தபின் எசமானனுக்கு ஓராண்டும் காலனிக்கு மூன்றாண்டும் கூடுதலாக உழைக்க வேண்டும். மூன்றாமவன் நீக்ரோ, ஆகவே இங்கோ வேறெங்கோ தன் ஆயுள் முழுவதும் உழைக்க வேண்டும்.

இந்த வாக்கியத்தின் கட்டமைப்பைக் கவனிக்க வேண்டும். முதல் இருவருக்கும் நாடு இருக்கிறது. மூன்றாமவனுக்கு நாடு இல்லை, நிறம் மட்டுமே இருக்கிறது. குற்றம் ஒன்றே, ஓடிய பாதையும் ஒன்றே. தண்டனை வேறுபட்டதற்கு அந்த ஒரு சொல்லைத் தவிர வேறு காரணம் எதையும் நீதிமன்றம் எழுதவில்லை. வர்ஜீனியாவில் அன்று அடிமைமுறை குறித்து எழுதப்பட்ட சட்டமே கிடையாது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

அப்படியானால் இந்தத் தீர்ப்பு எங்கிருந்து வந்தது? புகையிலையிலிருந்து வந்தது. 1607இல் ஜேம்ஸ்டவுனில் குடியேறியவர்கள் பட்டினியில் செத்துக்கொண்டிருந்தார்கள். 1612 வாக்கில் ஜான் ரோல்ஃப் புகையிலை பயிரிட்டதும் காலனிக்கு ஒரு சரக்கு கிடைத்தது. புகையிலை மண்ணையும் தின்னும், ஆளையும் தின்னும். ஓர் ஆளுக்குக் கப்பல் கூலி கொடுத்து அழைத்துவந்தால் 50 ஏக்கர் நிலம் என்று 1618இல் ஏற்பாடு செய்தார்கள். ஆள் வந்தால் நிலம், நிலம் வந்தால் மேலும் ஆள். அந்த நிலம் பவ்ஹாட்டன் மக்களுடையது என்பதை 1622, 1644 ஆண்டுகளின் தாக்குதல்கள் நினைவூட்டின. 1619இல் அங்கோலாவிலிருந்து போர்த்துக்கீசியர் ஏற்றிவந்த இருபதுக்குச் சற்று மேற்பட்டோர் இந்தப் பசிக்குள்தான் வந்து இறங்கினார்கள். 1640இன் தொடக்கத்தில், நீக்ரோக்கள் தவிர மற்ற எல்லோருக்கும் ஆயுதம் தரவேண்டும் என்று சட்டமன்றம் முடிவெடுத்திருந்தது.

பஞ்ச்சை 'முதல் அடிமை' என்று சொல்லும் வழக்கத்தைச் சந்தேகிக்க வேண்டும். அதே ஜூலை மாதம் 22ஆம் தேதி இன்னொரு தீர்ப்பு. ஒரு கூட்டம் படகைத் திருடி ஓட முயன்றது. அதில் இமானுவேல் என்ற நீக்ரோவுக்கு 30 சவுக்கடி, கன்னத்தில் சூட்டுக்குறி, காலில் விலங்கு. கூடுதல் ஆண்டுகள் மட்டும் இல்லை. ஏற்கெனவே ஆயுள் முழுக்க உழைப்பவனுக்கு எந்த ஆண்டைக் கூட்டுவது? நீதிமன்றம் அடிமைமுறையைத் தொடங்கிவைக்கவில்லை. பண்ணையில் நடந்துகொண்டிருந்ததற்கு முத்திரை குத்தியது.

சட்டம் மெள்ளமெள்ளப் பின்னால் வந்தது. இங்கிலாந்து வழக்கப்படி பிள்ளையின் நிலை தகப்பனைச் சாரும். ஆங்கிலேயத் தந்தைக்கும் ஆப்பிரிக்கத் தாய்க்கும் பிறந்த எலிசபெத் கீ, தந்தையையும் தன் ஞானஸ்நானத்தையும் காட்டி 1656இல் விடுதலை பெற்றாள். இனி இப்படி ஒருத்தி வரக்கூடாது. 1662இல் சட்டம் தலைகீழானது: பிள்ளை தாயின் நிலையைச் சாரும். அடிமைப் பெண்ணிடம் எசமானனுக்குப் பிறக்கும் பிள்ளை இனி அவனுக்கு வாரிசல்ல, சொத்து. ஞானஸ்நானம் விடுதலை தராது என்று 1667இல் அந்தக் கதவையும் சாத்தினார்கள்.

பஞ்ச்சின் சந்ததி சுதந்திரமாக இருந்திருந்தால் அதற்குக் காரணம் அவன் கூடிவாழ்ந்த பெண் வெள்ளைக்காரியாக இருந்ததுதான் என்று ஆய்வாளர்கள் ஊகிக்கிறார்கள். அதாவது மூன்று வேலையாட்கள் சேர்ந்து ஓடியதைப்போல, பண்ணையின் அடித்தளத்தில் வேறு சேர்க்கைகளும் நடந்துகொண்டிருந்தன. அதிகாரத்துக்கு இதுதான் பயம். 1676இல் பேக்கனின் கலகம் ஜேம்ஸ்டவுனை எரித்தது. பூர்வகுடிகளை அழிக்கும் வெறியோடு கிளம்பிய கலகம் அது, புனிதப்படுத்த ஒன்றுமில்லை. ஆனாலும் கடைசிவரை ஆயுதத்தைக் கீழே போடாதவர்களில் கறுப்பர்களும் வெள்ளை வேலையாட்களும் ஒன்றாக நின்றார்கள். 1691இல் கலப்புத் திருமணம் செய்யும் வெள்ளையர் காலனியை விட்டு வெளியேற்றப்படுவர் என்று சட்டம் வந்தது. 1705இல் ஜான் பஞ்ச் என்று ஒருவன் (ஆங்கிலத்தில் முதல் எழுத்து மட்டும் வேறு; தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றுதான்) சாரா ஸ்லேடன் என்ற வெள்ளைப் பெண்ணை மணக்க அனுமதி கேட்டு ஆட்சிமன்றத்தில் மனுக்கொடுத்து நின்றான். அதே ஆண்டு, நீக்ரோவின் பிள்ளை, பேரப்பிள்ளை, கொள்ளுப்பேரப்பிள்ளை வரை முலாட்டோ என்று சட்டம் வரையறுத்தது. ரத்தத்தைத் தலைமுறைக் கணக்கில் அளக்கத் தொடங்கிவிட்டார்கள்.

வம்சாவளி தேடுகிறவர்கள் ரத்தத்தை இயற்கை என்று எடுத்துக்கொள்கிறார்கள். ஆனால் எந்த ரத்தம் யாருடையது என்று தீர்மானித்ததற்கு ஆண்டு இருக்கிறது, தேதிகூட இருக்கிறது. விக்டருக்கும் கிரெகரிக்கும் சந்ததி உண்டா என்று யாரும் தேடிப் போகவில்லை. தப்பி ஓடிய இரவில் மூவருக்கும் ஒரே எசமானன்தான் எதிரி. பிடிபட்ட பிறகுதான் அவர்கள் இருவராகவும் ஒருவனாகவும் பிரிக்கப்பட்டார்கள். நம் மூதாதை யார் என்று கேட்கிறவர்கள், அவனோடு சேர்ந்து ஓடியவர்கள் யார், அவர்களை எந்தக் கை பிரித்தது என்றும் கேட்க வேண்டியிருக்கிறது.