இரு அரசுகள் பங்கிட்டுக்கொண்ட மக்கள்

பழனி மலைத்தொடரின் மேற்பரப்பில் வாழ்வோருள், பளியரும் புலையரும் நீங்கலாக, ஏனையோர் யாவரும் ஏதோ ஒரு காலத்தில் வேறிடத்திலிருந்து ஏறி வந்தவர்களே என்பது அம்மலையின் சரித்திரத்தைச் சிறிது ஆராய்வோர்க்கும் எளிதில் விளங்கும். கொங்கு நாட்டுச் சமவெளியிலிருந்து வந்த குன்னுவர் மலைச்சரிவுகளைத் திருத்திப் பயிர் செய்தனர். 1845-ஆம் வருஷத்தில் அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்த பாதிரிமார்கள், சமவெளியின் காய்ச்சலுக்கும் வாந்திபேதிக்கும் அஞ்சி மேலே வந்து, இரண்டு பங்களாக்களைக் கட்டிக் கொடைக்கானல் என்னும் ஊருக்கு அடிகோலினர். மதுரை ஜில்லாக் கலெக்டராக விளங்கிய லெவிஞ்ச் 1863-இல் ஓடைநீரைத் தேக்கி ஏரியை உண்டாக்கினார். பங்களாக்களும் பள்ளிகளும் பெருகப் பெருக, அவற்றைக் கட்டவும் காக்கவும், சுமை தூக்கவும் தோட்டம் போடவும் வந்த உழைப்பாளிகளின் குடியிருப்புகளும் பெருகின. ஏரிக்கரையின் ஆடம்பரத்தினின்று சற்றே விலகி, வேலை செய்து பிழைக்கும் ஜனங்கள் நெருங்கி வாழும் நாயுடுபுரம் அத்தகைய குடியிருப்புகளுள் ஒன்று.

இங்ஙனம் வந்தவர்களில் எவரையும், நீ எந்த நாட்டுப் பிரஜை என்று ஒருவரும் வினவியதில்லை. அவ்வினாவைத் தம் வாழ்நாள் முழுவதும் சுமந்துகொண்டு இம்மலைக்கு வந்த ஒரே கூட்டத்தார், இலங்கையின் தேயிலைத் தோட்டங்களினின்றும் சர்க்கார் உடன்படிக்கையின்படி அனுப்பப்பட்ட தமிழர்களே. சர்க்கார் காகிதங்களில் ‘தாயகம் திரும்பியோர்’ என்றும், ஊரார் பேச்சில் ‘சிலோன்காரர்’ என்றும் வழங்கப்படும் அவர்களுடைய சரித்திரத்தைச் சொல்ல எனக்கு ஒரு விசேஷ காரணம் உண்டு. நாயுடுபுரத்துக்கு அதிக தூரமில்லாத அட்டுவம்பட்டியில் 1984-இல் தோன்றிய அன்னை தெரசா மகளிர் சர்வகலாசாலை இருக்கிறது. தமிழ்நாடெங்கும் சட்டமும் அரசியலும் போதிக்கும் கலாசாலைகள் பல இருக்கின்றன. அவற்றில் பயிலும் இளைஞர்களுக்கு ஐரோப்பாவின் குடிபெயர்வுச் சட்டங்களைக் கற்பிக்க முற்படும் ஆசிரியர், தம் பாடத்தை லக்ஸம்பர்க்கிலோ பிரஸ்ஸல்ஸிலோ தொடங்காமல் இம்மலையிலேயே தொடங்க வேண்டும் என்பது என் திடமான அபிப்பிராயம். ஏனெனில், ஒரு மனிதனை ஒரு தேசத்துக்கு உரியவனென்று எழுதிக் கொடுப்பதோடு சட்டத்தின் கடமை முடிந்துவிடுவதில்லை, அவன் சென்று சேர்ந்த மண்ணில் அவன் உழைப்பும் மானமும் காக்கப்படும்போதுதான் அக்கடமை நிறைவேறுகிறது என்னும் உண்மையை, இவர்கள் வரலாற்றைப்போல் தெளிவாகப் புலப்படுத்தும் உதாரணம் வேறொன்றை நான் அறியேன்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் இலங்கையின் மலைநாட்டில் காப்பிப் பயிர் பரவத் தொடங்கியபோது, மதுரை, திருநெல்வேலி, இராமநாதபுரம், திருச்சிராப்பள்ளி, சேலம் முதலிய ஜில்லாக்களின் வறண்ட கிராமங்களிலிருந்து கூலிகள், ஆள் சேர்த்த கங்காணிகளின் பின்னே கடல் கடந்தனர். 1869-இல் தோன்றிய இலைநோய் காப்பித் தோட்டங்களை அழித்த பின்னர் தேயிலை தலையெடுத்தது. காப்பிக்குப் பருவந்தோறும் வந்து மீண்ட கூலிகள், ஆண்டு முழுதும் கொழுந்து பறிக்க வேண்டிய தேயிலைக்காக, லயங்கள் என்னும் வரிசைக் குடியிருப்புகளிலேயே குடும்பத்தோடு தங்கலாயினர். அவர்களைக் கட்டிய கயிறு கங்காணி கொடுத்த முன்பணம். ஊரில் வழிச்செலவுக்கும் பழைய கடனைத் தீர்க்கவும் கொடுக்கப்பட்ட அத்தொகை தோட்டத்துக் கணக்கில் ஏறி, கூலியாள் இன்ன தொகை கொடுபட்டால் விடுவிக்கப்படுவான் என்று எழுதிய ‘துண்டு’ என்னும் சீட்டாக மாறி, அவனைத் தோட்டம் விட்டுத் தோட்டம் மாற்றவும் விற்கவும் துணை செய்தது. இம்முறையை 1921-இல் இயற்றிய சட்டம் ஒன்று தடுத்தது. மறு வருஷம் இந்திய சர்க்கார் இயற்றிய குடிபெயர்வுச் சட்டத்தின்கீழ், கூலிகளின் க்ஷேமத்தைக் கவனிக்க கண்டியில் இந்திய ஏஜெண்டு ஒருவர் நியமிக்கப்பட்டார். பின்னர் இலங்கையில் இந்தியர்மீது வெறுப்பு மிகுந்ததைக் கண்டு, 1939-இல் இந்திய சர்க்கார் உழைப்பாளர்கள் அங்கே செல்வதையே தடை செய்தனர். போனவர்கள் போனபடியே நின்றனர். அவர்களுடைய பிள்ளைகள் இராமேசுவரத்தைக் கண்ணால் கண்டதில்லை.

இலங்கை சுதந்தரம் பெறுவதற்கு முந்திய வருஷமாகிய 1947-இல் நடந்த தேர்தலில், தோட்டத் தொழிலாளர் ஆதரவுடன் இலங்கை இந்தியக் காங்கிரஸார் 7 ஸ்தானங்களைக் கைப்பற்றினர். மறு வருஷம் வந்த பிரஜாவுரிமைச் சட்டம், இலங்கையில் பிறந்தது மட்டும் போதாது, தந்தையேனும், அன்றிப் பாட்டனும் பூட்டனுமேனும் அங்கேயே பிறந்தவர்கள் என்று நிரூபிக்க வேண்டும் என்றது. பிறப்புப் பதிவு என்னும் பழக்கமே நன்கு வேரூன்றாத காலத்தில் லயத்து அறையில் பிறந்த ஒரு கூலியின் தந்தைக்கு எங்கிருந்து அத்தாட்சி கொண்டுவருவது? 1949-ஆம் வருஷத்து இந்திய பாகிஸ்தானியக் குடியிருப்போர் சட்டம் வேறொரு வாயிலைத் திறந்தது. ஆனால் மணமானவர் ஏழு வருஷமும் மணமாகாதவர் பத்து வருஷமும் இடையறாது வசித்ததற்குச் சான்று காட்ட வேண்டும் என்னும் நிபந்தனையால், மனு செய்தவர்களிற் பெரும்பாலோரின் முகத்தெதிரே அவ்வாயில் சாத்தப்பட்டது. அதே வருஷத்தில் வாக்குரிமையும் பறிக்கப்பட்டமையால், 1952 தேர்தலில் அவர்களுக்கு ஒரு பிரதிநிதியும் இல்லை. இந்திய அரசியல் சாசனத்தின் எட்டாவது ஷரத்து அயல்நாட்டில் வாழும் இந்திய வம்சத்தாருக்குப் பதிவு செய்துகொள்ளும் வழியைத் தந்ததாயினும், இந்தியா அவர்களைத் தானாகத் தன் பிரஜைகளென்று ஏற்கவில்லை. ஆகவே இரு தேசங்களுக்கிடையே, எந்த தேசத்துக்கும் உரியவரல்லாத ஒரு பெரும் ஜனசமூகம் உண்டாயிற்று.

1964-ஆம் வருஷம் அக்டோபர் 30-ஆம் தேதி, இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் புதுடில்லியில் கையொப்பமிட்ட உடன்படிக்கை இப்பிரச்னையைக் கணக்கினால் தீர்க்க முனைந்தது. நாடற்றவர் 9,75,000 பேர் என்று கொண்டு, அவர்களுள் 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் பதினைந்து வருஷங்களில் ஏற்பதென்றும், எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர் யோசிப்பதென்றும் முடிவாயிற்று. 1974-இல் இந்திரா காந்தியுடன் செய்துகொண்ட மற்றோர் உடன்படிக்கை, அந்த எஞ்சிய தொகையையும் சரிபாதியாக 75,000 வீதம் பிரித்தது. ஏழுக்கு நான்கு என்ற விகிதத்தை இரு தலைநகரங்களில் நிர்ணயித்தவர்கள், அந்த லட்சக்கணக்கானோரின் சம்மதத்தைக் கேட்டாரில்லை. இலங்கைப் பிரஜாவுரிமையை நாடியவர் தொகை ஒதுக்கப்பட்ட தொகையைக் காட்டிலும் மிகுந்திருந்தது ஒன்றே அவர்கள் மனம் எங்கே இருந்தது என்பதை உணர்த்தும். ஐரோப்பாவும் இதனை அறியாததன்று. 1923-இல் லோசான் நகரில் கிரீஸும் துருக்கியும் செய்துகொண்ட ஒப்பந்தம், பத்து லட்சத்துக்கு மேற்பட்டோரை மதத்தின் பேரால் தம் ஊர்களினின்று கட்டாயமாகப் பெயர்த்தது.

பிரயாணத்தின் துயரத்தை மலைநாட்டார் இன்றும் மறவார். கண்டியிலுள்ள இந்திய உதவி ஹைகமிஷனர் காரியாலயத்தில் கடவுச்சீட்டும் குடும்ப அட்டையும் பெற்று, தலைமன்னாருக்குச் செல்லும் ரயிலேறிய குடும்பங்களை வழியனுப்ப வந்தவர்கள் பிரேதத்தின் முன் அழுவதுபோல் அழுதமையால், அந்த ரயிலுக்கு ‘ஒப்பாரிக் கோச்சி’ என்றே பெயர் வழங்கிற்று. ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகளுள் ஒருவன் இந்தியப் பிரஜையாகவும் மற்றொருவன் இலங்கைப் பிரஜையாகவும் பிரிந்த குடும்பங்கள் பல. உடன்படிக்கை கையொப்பமான இரண்டு மாதங்களுக்குள், டிசம்பர் மாதப் புயல் தனுஷ்கோடியை அழித்துவிட்டமையால், கப்பல் இராமேசுவரத்துக்கே வந்தது. அங்கிருந்து மண்டபம் முகாம். தாத்தன் கடல் கடக்குமுன் நோய்ப் பரிசோதனைக்காகத் தங்கவைக்கப்பட்ட அதே மண்டபத்தில், பேரன் இந்தியப் பிரஜையாக வரிசையில் நின்றான்.

சர்க்கார் சும்மா இருந்தனர் என்று சொல்வது தர்மமன்று. 1968-இல் நீலகிரியில் இவர்களுக்கென்றே தேயிலைத் தோட்டங்கள் தொடங்கப்பட்டு, பிற்பாடு டான்டீ என்னும் கழகமாயின. 1969-இல் தாயகம் திரும்பியோர் கூட்டுறவு வங்கி ஏற்பட்டது. நூற்பாலைகளில் வேலையும் சிறுதொழில் செய்யக் கடனும் வழங்கப்பட்டன. ஆயினும், கொழுந்து பறிப்பதும் கவ்வாத்து வெட்டுவதும் தவிர வேறு தொழில் அறியாதவர்களைச் சமவெளியின் வெயிலில், முன்பின் அறியாத கிராமத்தில், ஒரு கடைக்காரனாக ஆக்கிவிட ஒரு கடன் பத்திரத்தால் இயலுமா? கடன்தொகை கரைந்தது. அவர்கள் குளிரும் மூடுபனியும் பழகிய மலைகளை நாடி, நீலகிரிக்கும் ஏற்காட்டுக்கும் கொடைக்கானலுக்கும் ஏறினர்.

கொடைக்கானலில் அவர்களுக்குக் காத்திருந்தது வாட்டில் காடு. தோல் பதனிட உதவும் பட்டைக்காகவும் விறகுக்காகவும், மலையின் புல்வெளிகளில் வளர்க்கப்பட்ட அந்நிய மரம் அது. மரத்தை வெட்டிப் பட்டை உரித்து, கட்டுக் கட்டாகச் சாலைவரை சுமந்து சேர்க்கும் வேலையை ஒப்பந்தக்காரர்கள் எடுத்து, முகாம்களிலும் கிராமங்களிலும் திண்டாடிக்கொண்டிருந்த குடும்பங்களுக்கு முன்பணம் கொடுத்து அழைத்து வந்தனர். காட்டுக்குள் குச்சுக் குடிசை, பள்ளியில்லை, வைத்தியமில்லை, அரிசியும் மருந்தும் கணக்கில் ஏற, வாங்கிய தொகை வேலை செய்யச் செய்யக் குறைவதற்குப் பதிலாக வளர்ந்தது. 1976-லேயே கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் இந்தியாவில் அமலாகியிருந்தது. அப்படியிருந்தும், அடுத்த பத்தாண்டில் இம்மலைக் காடுகளில் தாயகம் திரும்பியோர் கொத்தடிமைகளாக இருந்த செய்தி வெளியாயிற்று. கங்காணியின் முன்பணம் பாட்டனைக் கடல் கடத்திற்று. ஒப்பந்தக்காரரின் முன்பணம் பேரனைக் காட்டில் கட்டிற்று. இடையே ஒரு நூற்றாண்டு சென்றது, பிரஜாவுரிமை மாறிற்று, இரு சுதந்தர சர்க்கார்கள் தோன்றின, கடன் மட்டும் மாறவில்லை. உடன்படிக்கையின் ஷரத்துகளில் எண்களுக்கு இடம் இருந்தது. இக்கடனுக்கு இடம் இல்லை.

1983-இல் இலங்கையில் தமிழருக்கு எதிராக எழுந்த கலவரத்திற்குப் பின் கப்பல் போக்குவரத்து நின்றது. பிரஜாவுரிமைக்கு மனு செய்து காத்திருந்தோர் பலர் இலங்கையிலேயே தங்கினர். 1988-லும் 2003-லும் இயற்றிய சட்டங்களால் இலங்கை அவர்களைத் தன் பிரஜைகளாக ஏற்றமை பாராட்டத்தக்கது. ஆனால் அகதிகளாகத் தோணியேறி இங்கே வந்தவர்களுள்ளும் மலைநாட்டுத் தமிழர் இருந்தனர். 1951-ஆம் வருஷத்து அகதிகள் ஒப்பந்தத்தில் இந்தியா கையொப்பமிடாதமையால், அவர்கள் நெடுங்காலம் 1946-ஆம் வருஷத்து அயல்நாட்டார் சட்டத்தின்கீழ் அயலாராகவே வைக்கப்பட்டனர். பூர்விகம் தமிழ்நாடேயான அத்தகையோர் சிலர் தொடுத்த வழக்கில், 2019 ஜூன் மாதத்தில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, அவர்களுடைய பிரஜாவுரிமை மனுக்களைப் பரிவுடன் பரிசீலிக்கலாம் என்று தீர்ப்பளித்தது.

இச்சரித்திரத்தை அறிந்த மாணவன் ஐரோப்பாவை நோக்கும்போது, அங்குள்ள சட்டங்கள் அவனுக்கு வெறும் ஷரத்துகளாகத் தோன்றமாட்டா. 1985-இல் ஐந்து நாடுகள் ஷெங்கனில் ஒப்பமிட்டு உள்ளெல்லைகளைத் தளர்த்தியபோது வெளியெல்லை இறுகியதையும், 1990-இல் டப்ளினில் செய்த ஒப்பந்தம் அகதியின் மனுவைப் பெரும்பாலும் அவன் முதலில் காலடி வைத்த நாட்டின் தலையிலேயே சுமத்தியதையும் அவன் எளிதில் உணர்வான். 2015-இல் இத்தாலியிலும் கிரீஸிலும் இறங்கிய 1,60,000 பேரை மற்ற நாடுகள் பங்கிட்டுக்கொள்வதென்று தீர்மானித்தும், சுமார் 35,000 பேரே இடம் மாற்றப்பட்டதைப் படிக்கையில், சாஸ்திரியும் சிறிமாவோவும் போட்ட கணக்கு அவன் நினைவுக்கு வரும். 2024-இல் நிறைவேறிய புதிய சட்டத்தொகுதி, அகதிகளை ஏற்க விரும்பாத நாடு தலைக்கு 20,000 யூரோ செலுத்தலாம் என்று வகுத்திருப்பதைப் பார்க்கையில், தலைக்கு இன்னதென்று மனிதரைக் கணக்கிட்ட கங்காணியின் ஏடும் அவன் கண்முன் வரும்.

தமிழர்களே ஐரோப்பியக் குடிபெயர்வுச் சட்டத்தின் வளர்ச்சியில் இடம் பெற்றிருப்பதையும் அவன் அறிய வேண்டும். புகலிடம் மறுக்கப்பட்டு இங்கிலாந்தினின்று இலங்கைக்குத் திருப்பி அனுப்பப்பட்ட ஐந்து தமிழர்களின் வழக்கில், 1991 அக்டோபர் 30 அன்று, ஸ்ட்ராஸ்பர்க்கிலுள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் அவர்களுக்கு எதிராகத் தீர்ப்புரைத்தது. வில்வராஜா வழக்கு என வழங்கும் அதனை ஐரோப்பியச் சட்ட மாணவர்கள் இன்றும் பயில்கின்றனர். 2008 ஜூலையில் அதே நீதிமன்றம், வேறொரு தமிழரைத் திருப்பி அனுப்பினால் அது சித்திரவதைக்கு எதிரான ஷரத்தை மீறுவதாகும் என்று முடிவு செய்தது. பதினேழு ஆண்டுகளில் நேர்ந்த இம்மாறுதலை விளக்குவதற்கு, அனுப்பப்படுவோர்க்குச் சென்ற இடத்தில் காத்திருக்கும் கதியை நீதிமன்றம் எவ்வளவு ஆழ்ந்து விசாரித்தது என்பதையே ஆசிரியர் எடுத்துக்காட்ட வேண்டும். ஏனெனில் அவ்விசாரணைதான் 1964-இல் நடைபெறாமற் போயிற்று.

ஆகவே நம் கலாசாலைகளில் இப்பாடத்தைக் கற்பிப்போர்க்கு நான் பணிவுடன் தெரிவிப்பது இது. முதல் வகுப்பில் ஒரு குடும்ப அட்டையையும் 1964-ஆம் வருஷத்து உடன்படிக்கையையும் அருகருகே வைத்து மாணவர்களைப் படிக்கச் செய்யுங்கள். இம்மலையில் வாழும் முதியவர்கள் சொல்ல இசைந்தால், அவர்கள் வாய்மொழியைக் கேட்டு எழுதிவரச் செய்யுங்கள். அதன் பின்னரே ஷெங்கனையும் டப்ளினையும் திறவுங்கள். எத்தனை பேர், எந்த நாட்டுக்கு என்னும் கேள்விக்கு விடை எழுதிய சட்டங்கள் உலகில் பல உண்டு. சென்ற இடத்தில் அவர்கள் எவருக்குக் கடன்பட்டு, என்ன கூலிக்கு, எந்தக் கூரையின்கீழ் வாழ்வார்கள் என்று கேட்கப் பழகிய வழக்கறிஞர்களும் அதிகாரிகளும் நம்மிடையே தோன்றுவார்களானால், எண்களோடு நின்றுவிட்ட அந்த உடன்படிக்கையின் பிழை மற்றொரு தலைமுறைமீது சுமத்தப்படாமல் தடுக்கப்படும்.