இடம் உண்டு, முகவரி இல்லை: "மெமரி போதாது" என்ற செய்தியின் வரலாறு



வெளிநாட்டில் கணினி வேலை பார்க்கிறோம் என்றால் போதும், ஊரிலுள்ள எல்லாக் கணினிகளுக்கும் நாம்தான் வைத்தியர். மஸ்கட்டில் எனக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை என்பது வித்துராவில் எங்கள் தெரு முழுவதற்கும் தெரியும். தொலைபேசியில் வரும் நோய்களில் முதலிடம் எப்போதும் ஒன்றுக்குத்தான். ஏதோ மென்பொருளை நிறுவப் போனார்களாம், பாதியில் நின்றுவிட்டதாம், "நாட் இனஃப் மெமரி" என்று சொல்கிறதாம். அடுத்த கேள்வியும் மாறாது: "புது ரேம் வாங்கணுமா? எவ்வளவு ஆகும்?"

இந்தக் கேள்விக்காக ஊருக்குப் போன பணம் கொஞ்சநஞ்சமல்ல. அதனால் இந்தப் பதிவில் அந்தச் செய்தியின் பழைய கதையைச் சொல்கிறேன். கதையின் சாரம் இதுதான்: "மெமரி போதாது" என்று கணினி சொன்ன பல நேரங்களில் மெமரி போதுமான அளவு இருந்தது. அதற்குப் போய்ச் சேர முகவரிதான் இல்லை. வீடு காலியாகத்தான் இருக்கிறது, கதவு எண் இல்லாததால் தபால்காரர் கடிதத்தைத் திருப்பி எடுத்துக்கொண்டு போகிறார். அப்படி வைத்துக்கொள்ளுங்கள்.

1981: 640 என்ற வேலி

ஐபிஎம் நிறுவனம் தன் முதல் பெர்சனல் கம்ப்யூட்டரை 1981 ஆகஸ்ட் 12 அன்று அறிவித்தது. அதற்குள் இருந்தது இன்டெலின் 8088 என்ற சில்லு. அதில் முகவரிக்கென்று 20 கம்பிகள். ஒவ்வொரு கம்பியும் 0 அல்லது 1. ஆக மொத்தம் 10,48,576 முகவரிகள், அதாவது ஒரு மெகாபைட். அதற்கு மேல் ஒரு பைட் வைத்தாலும் அதைக் கூப்பிட எண் கிடையாது.

அந்த ஒரு மெகாபைட்டையும் ஐபிஎம் இரண்டாகப் பங்கு போட்டது. கீழே உள்ள 640 கேபி நிரல்களுக்கு. மேலே உள்ள 384 கேபி திரைக்கும், பயாஸ் போன்ற உள் வேலைகளுக்கும். அன்று அது தாராளமான பங்கு. முதல் மாதிரி வெறும் 16 கேபி மெமரியோடுதான் விற்பனைக்கு வந்தது! (640 கேபி யாருக்கும் போதும் என்று பில் கேட்ஸ் சொன்னதாக ஒரு கதை உலவுகிறது. தான் அப்படிச் சொல்லவில்லை என்று அவர் மறுத்திருக்கிறார்.)

நிரல்கள் வளர்ந்தன, வேலி மட்டும் நகரவில்லை. 1984ல் வந்த ஐபிஎம் ஏடி கணினியின் 80286 சில்லுக்கு 24 முகவரிக் கம்பிகள். 16 மெகாபைட் வரை எட்டலாம். ஆனால் டாஸ் 8088க்காக எழுதப்பட்டது, அதன் நிரல்களும் அப்படியே. 4 மெகாபைட் ரேம் வாங்கிப் போட்டாலும் டாஸ் நிரல் தன் 640க்குள்தான் குடித்தனம் நடத்த வேண்டும். 1985ல் லோட்டஸ், இன்டெல், மைக்ரோசாஃப்ட் மூன்றும் சேர்ந்து ஒரு தந்திரம் செய்தன. மேலே காலியாக இருந்த முகவரிகளில் 64 கேபி அளவுக்கு ஒரு சன்னலை வைத்து, அதன் வழியாக வெளியே உள்ள மெமரியைத் துண்டு துண்டாகக் காட்டினார்கள்.

தொண்ணூறுகளில் கணினி படித்தவர்களுக்கு ஹைமெம்.சிஸ், ஈஎம்எம்386 என்ற பெயர்களைக் கேட்டாலே ஏதோ ஞாபகம் வரும். 1991ல் வந்த டாஸ் 5, தன் உடம்பில் ஒரு பகுதியை 640க்கு வெளியே தூக்கி வைத்துக்கொள்ளக் கற்றுக்கொண்டது. 1993ல் டாஸ் 6 உடன் மெம்மேக்கர் என்ற கருவி வந்தது. மவுஸுக்கு ஒரு டிரைவர், சிடிக்கு ஒன்று, சவுண்ட் கார்டுக்கு ஒன்று என்று எல்லாம் அந்த 640க்குள் உட்கார்ந்த பிறகு, ஒரு விளையாட்டை நிறுவினால் "மெமரி போதாது" என்று வரும். பெட்டிக்குள் 8 மெகாபைட் சும்மா இருக்கும். மருந்து கடையில் இல்லை, கான்ஃபிக்.சிஸ் கோப்பில் எழுதும் நாலு வரியில் இருந்தது.

விண்டோஸின் சின்னப் பெட்டிகள்

1990ல் விண்டோஸ் 3.0, 1992ல் 3.1, 1995ல் விண்டோஸ் 95. வேலி உடைந்தது என்று எல்லோரும் நினைத்தார்கள். ஆனால் விண்டோஸுக்குள் வேறு வேலிகள் இருந்தன. திரையில் தெரியும் ஒவ்வொரு சன்னல், பட்டன், தூரிகை, எழுத்துரு பற்றிய குறிப்புகளையும் அது 64 கேபி அளவுள்ள சின்னப் பெட்டிகளில் போட்டு வைத்தது. பெட்டி நிறைந்தால் "அவுட் ஆஃப் மெமரி". உங்களிடம் 16 மெகாபைட் இருக்கிறதா 32 இருக்கிறதா என்று அது பார்க்காது. விண்டோஸ் 95, 98 இரண்டிலும் இந்தக் கட்டுப்பாடு தளர்ந்ததே தவிர ஒழியவில்லை. "சிஸ்டம் ரிசோர்சஸ்" என்று ஒரு சதவீதம் காட்டுமே, அது இந்தப் பெட்டிகளின் நிலவரம்தான். அதை ரேமின் நிலவரம் என்று எண்ணிக் கடைக்கு ஓடியவர்கள் எத்தனை பேரோ!

இதே காலத்தில்தான் நாம் தமிழ் எழுத்துருக்களைச் சேர்த்துக்கொண்டிருந்தோம். ஒவ்வொரு பத்திரிகையின் தளத்துக்கும் ஒரு எழுத்துரு. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட்99 மாநாட்டையொட்டி டாம், டாப் என்ற தரங்கள் வந்தன. இணையத்தில் திஸ்கி ஒரு பக்கம் ஓடியது. எது கிடைத்தாலும் நிறுவி வைப்போம். புதிதாக ஒன்றைச் சேர்க்கும்போது கணினி முரண்டு பிடித்தால் அதற்கும் "மெமரி" என்றே பெயர் வைத்தோம்.

ரேம் கூடினால் மெமரி குறையும் விந்தை

இனி எங்கள் வீட்டுக் கதை. 2004ல் வித்துராவில் அண்ணனிடம் இருந்தது விண்டோஸ் 98 போட்ட கணினி, 256 எம்பி ரேம். பிள்ளைகளின் பாடத்துக்காக ஒரு சிடியை நிறுவும்போது மிகவும் மெதுவாக இருக்கிறது என்று ஒரு கடையில் கேட்டு, 512 எம்பி கூடுதலாகப் போட்டார். ஆக மொத்தம் 768. மறுநாள் தொலைபேசி: "டேய், புது ரேம் போட்ட பிறகுதான் மெமரி இல்லைங்குது. என்னடா கூத்து இது?" கடைக்காரர் மதர்போர்டையே மாற்றச் சொல்லிவிட்டார். ஒரு மாதச் சம்பளத்தில் பெரும்பகுதி போய்விடும்.

இது அண்ணனுக்கு மட்டும் வந்த நோயல்ல. விண்டோஸ் 98லும் மீயிலும் 512 எம்பிக்கு மேல் ரேம் போட்டால் இப்படி ஆகலாம் என்று மைக்ரோசாஃப்ட் நிறுவனமே தன் உதவிக் குறிப்புகளில் எழுதியிருந்தது. காரணம் கேட்டால் சிரிப்பு வரும். வட்டிலிருந்து படித்ததை மெமரியில் பத்திரப்படுத்தி வைக்க வீகேஷ் என்று ஒரு பகுதி அதில் உண்டு. ரேம் எவ்வளவு அதிகமோ அவ்வளவு முகவரிகளை அது முன்கூட்டியே துண்டு போட்டுப் பிடித்துக்கொள்ளும். விண்டோஸின் சொந்த வேலைகளுக்கென்று ஒதுக்கிய முகவரிகளிலிருந்துதான் இதுவும் பிடிக்கும், ஏஜிபி கிராஃபிக்ஸ் அட்டையும் பிடிக்கும். பந்தியில் முன்னால் உட்கார்ந்தவர்களே எல்லா இலையையும் எடுத்துக்கொண்டால் பின்னால் வருகிறவருக்கு? டாஸ் சன்னல் ஒன்றைத் திறக்கக்கூட இடமில்லை என்று செய்தி வரும்.

மருந்து: சிஸ்டம்.ஐஎன்ஐ கோப்பைத் திறந்து, வீகேஷ் என்ற தலைப்பின் கீழ் மேக்ஸ்ஃபைல்கேஷ் என்பதற்கு 524288 அல்லது அதற்குக் குறைவான எண்ணைக் கொடுப்பது. கிலோபைட் கணக்கில் அது 512 எம்பி. தொலைபேசியில் எழுத்து எழுத்தாகச் சொன்னேன், கணினி எழுந்து உட்கார்ந்தது. மதர்போர்டு பணம் மிச்சம்.

சிடியா, ரேமா, ஹார்ட் டிஸ்க்கா?

2001ல் விண்டோஸ் எக்ஸ்பி வந்ததும் அந்த 64 கேபி பெட்டிகளும் வீகேஷ் தொல்லையும் போயின. ஆனால் செய்தி வேறு வேடத்தில் வந்தது. வலது மூலையில் மஞ்சள் பலூன்: "விர்ச்சுவல் மெமரி குறைவு". ரேம் நிறைந்தால் ஹார்ட் டிஸ்க்கில் பேஜிங் ஃபைல் என்ற ஒரு கோப்பை வைத்துக்கொண்டு எக்ஸ்பி சமாளிக்கும். சி டிரைவில் கல்யாண வீடியோவும் புகைப்படங்களும் நிறைந்து கிடந்தால் அந்தக் கோப்பு வளர இடம் ஏது? சொல்வது மெமரி, நிறைந்தது வட்டு.

இதற்கு நேர்மாறும் உண்டு. நிறுவும்போது "இந்தக் கோப்பைப் படிக்க முடியவில்லை" என்று நின்றால் நாம் சிடியைத் துடைப்போம், வேறு சிடி வாங்குவோம். உண்மையில் ரேமில் ஒரு மூலை கெட்டிருக்கலாம். சுருக்கி வைத்த கோப்புகள் ரேமில்தான் விரிகின்றன. ஒரே ஒரு பிட் மாறினாலும் கணக்கு ஒத்துப்போகாது. நிறுவல் நிற்கும், ஒவ்வொரு முறையும் வேறு வேறு கோப்பில் நிற்கும். சிடியில் கீறல் இருந்தால் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் நிற்கும். இந்த ஒரு வித்தியாசத்தை வைத்தே பாதி நோயைக் கண்டுபிடித்துவிடலாம். மெம்டெஸ்ட்86 என்ற இலவச நிரலை இரவு முழுக்க ஓடவிட்டால் மீதியும் தெரிந்துவிடும்.

பொன்முடி அடிவாரத்தில் இரண்டு பருவமழையையும் வாங்கும் எங்கள் ஊரில் ஈரப்பதத்துக்குப் பஞ்சமில்லை. ரேமின் தொடுமுனைகளில் படலம் படியும். கணினி விடாமல் பீப் அடிக்கும். மின்சாரத்தை நிறுத்தி, ரேமைக் கழற்றி, முனைகளைப் பென்சில் அழிப்பான் கொண்டு மெல்லத் தேய்த்து மாட்டினால் பல நேரம் சரியாகிவிடும். ஐந்து ரூபாய் வைத்தியம்!

தமிழுக்கும் எக்ஸ்பியில் ஒரு நிறுவல் தொல்லை இருந்தது. யூனிகோடில் 1991லிருந்தே தமிழ் உண்டு. எக்ஸ்பியிலும் லதா எழுத்துரு உண்டு. ஆனாலும் ரீஜனல் பகுதிக்குப் போய், சிக்கலான எழுத்துமுறைகளுக்கான பெட்டியில் டிக் அடித்து, மூலச் சிடியைப் போட்டால்தான் கொம்பும் காலும் சரியான இடத்தில் உட்காரும். சிடி கைவசம் இல்லாத வீடுகளில் ஐ386 என்ற கோப்புறையைத் தேடி அலைந்தோம். 2007ல் விஸ்டா வந்த பிறகுதான் இந்த வேலை ஒழிந்தது. திரையில் கட்டம் கட்டமாகத் தெரிந்ததற்கும் "மெமரி பத்தலை" என்று விளக்கம் சொன்னவர்கள் உண்டு. கடைசியில் பார்த்தால் ஒரு டிக்.

4 ஜிபி வாங்கினால் 3.25

640ன் கதை இன்னொரு முறை திரும்பியது. 32 பிட் கணினியில் முகவரிகள் மொத்தம் 4 ஜிபி. அதிலும் கிராஃபிக்ஸ் அட்டைக்கும் மற்ற உறுப்புகளுக்கும் பங்கு போக, 4 ஜிபி ரேம் போட்ட பல வீடுகளில் எக்ஸ்பி 3.25 என்று காட்டியது. கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று சண்டைக்குப் போனவர்கள் உண்டு. அவர் மேல் தவறில்லை. 1981ல் 384 கேபி போன அதே வழியில் இதுவும் போனது. 64 பிட் விண்டோஸ் வீடுகளுக்குப் பரவிய பிறகு அந்த வேலியும் நகர்ந்தது.

நம்ம ஊர் காட்டிய வழி

பெரிய மென்பொருள், புதிய ரேம், மறுபடி பெரிய மென்பொருள் என்ற ஓட்டத்துக்கு வெளியே ஒரு பாதையும் உண்டு. திருவனந்தபுரத்துக்கு அதில் பங்கு இருக்கிறது. இந்தியாவின் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை 2001 ஜூலையில் ரிச்சர்ட் ஸ்டால்மன் முன்னிலையில் அங்குதான் தொடங்கப்பட்டது. கேரள அரசின் ஐடி அட் ஸ்கூல் திட்டம் பள்ளிக் கணினிகளைப் படிப்படியாகக் குனு/லினக்ஸுக்கு மாற்றியது. 2017ல் அது கைட் என்ற நிறுவனமானது. ஊரில் வளர்ந்த பிள்ளைகள் பள்ளியிலேயே லினக்ஸைத் தொட்டுப் பார்த்திருக்கிறார்கள். நம்மைப் போல நாற்பது வயதில் பயந்து பயந்து கற்கவில்லை.

இது இப்போது ஏன் முக்கியம்? விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. நாம் விட்டுவிட்டு வந்த பழைய மடிக்கணினிகளில்தான் அப்பா அம்மா நம் முகத்தைப் பார்க்கிறார்கள். அவற்றில் பலவற்றில் விண்டோஸ் 11 ஏறாது. அங்கும் ரேமைக் குற்றம் சொல்லாதீர்கள். அது கேட்பது 4 ஜிபிதான். பெரும்பாலும் தடுப்பது டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு உறுப்பும், ஏற்றுக்கொள்ளப்பட்ட சில்லுகளின் பட்டியலும்தான். எவ்வளவு ரேம் போட்டாலும் அந்தக் கதவு திறக்காது. உலாவியும் வீடியோ அழைப்பும் மட்டும் போதுமென்றால் லினக்ஸ் போட்டுக் கொடுத்து, இன்னும் சில வருடம் ஓட்டலாம்.

இன்னொன்று. இன்று அம்மா "மெமரி ஃபுல்" என்று சொன்னால் அது ரேமே இல்லை, கைபேசியின் சேமிப்பு. காலை வணக்கப் படங்கள் நிறைந்துவிட்டன என்று பொருள். ஒரே சொல்லுக்கு இரண்டு பொருள் இருப்பதால் எவ்வளவு பணம் வீணாகிறது பாருங்கள்.

ஆகவே அடுத்த முறை ஊரிலிருந்து அழைப்பு வந்தால், பணம் அனுப்புவதற்கு முன் நான்கு கேள்வி கேளுங்கள். திரையில் வந்த வாசகம் எழுத்துப் பிசகாமல் என்ன? ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் நிற்கிறதா, வேறு வேறு இடத்திலா? சி டிரைவில் எவ்வளவு இடம் மிச்சம்? இது தொடங்குவதற்கு முன் புதிதாக என்ன சேர்த்தார்கள்? இதற்கெல்லாம் விடை கிடைத்த பிறகும் ரேம்தான் வேண்டுமென்றால் தாராளமாக வாங்கிக் கொடுங்கள்.

உங்கள் வீட்டிலும் இப்படிப்பட்ட நிறுவல் கதைகள் இருக்குமே, பின்னூட்டத்தில் எழுதுங்கள். அடுத்த பதிவில் சந்திப்போம்.