கல்லில் வெட்டிய தேதியைப் படிப்பது எப்படி?

கிழக்குக் கடற்கரைச் சாலையில் புதுச்சேரியிலிருந்து சென்னைக்குப் போகிறவர்கள் மரக்காணத்து உப்பளங்களைப் பார்த்திருப்பீர்கள். அவ்வூர்ப் பூமீசுவரர் கோயிலில் சோழர் காலக் கல்வெட்டுகள் இருக்கின்றன. அவற்றில் ஒன்றின் முன் நின்று, 'இது எந்த ஆண்டில் வெட்டப்பட்டது?' என்று கேட்டுப் பாருங்கள். விடை எளிதில் கிடைக்காது. சோழர் கல்வெட்டுகளில் பெரும்பாலும் தொடர் ஆண்டு கிடையாது. இன்ன அரசனுக்கு யாண்டு இத்தனையாவது என்று மட்டுமே இருக்கும். அந்த அரசன் எப்போது பட்டத்துக்கு வந்தான் என்பது தெரியாவிட்டால் அந்த எண்ணால் பயன் இல்லை.

நல்லவேளையாக, பல கல்வெட்டுகள் இன்னும் சில குறிப்புகளையும் தருகின்றன. ஓர் எடுத்துக்காட்டை நாமே அமைத்துக்கொள்வோம்: கன்னி ஞாயிறு, வளர்பிறைச் சப்தமி, செவ்வாய்க்கிழமை, மூல நட்சத்திரம். இங்கே 'ஞாயிறு' என்பது கிழமையன்று. சூரியன் கன்னி ராசியில் நிற்கும் மாதம், அதாவது புரட்டாசி.

பஞ்சாங்கத்தைப் புரட்டுமுன் இந்தத் தேதி தனக்குத்தானே முரண்படுகிறதா என்று பார்க்கலாம். சூரியன் கன்னியில் இருந்தால் அதன் நிலை 150 பாகைக்கும் 180 பாகைக்கும் இடையில். ஒரு திதி என்பது சந்திரன் சூரியனைவிட்டு 12 பாகை விலகும் காலம். ஆகவே சப்தமியில் சந்திரன் 72 முதல் 84 பாகை வரை முன்னால் இருக்கும். கூட்டினால் சந்திரன் 222-க்கும் 264-க்கும் இடையில் எங்கோ இருந்தாக வேண்டும். அனுஷம், கேட்டை, மூலம், பூராடம் ஆகிய நான்கே அந்த எல்லைக்குள் வரும். மூலம் பொருந்துகிறது. ரோகிணி என்று வெட்டியிருந்தால்? எழுதிக் கொடுத்தவரோ கல் தச்சரோ தவறியிருக்கிறார் என்று உடனே சொல்லிவிடலாம்.

கிழமை தற்செயலாகப் பொருந்தும் வாய்ப்பு ஏழில் ஒன்று. நட்சத்திரமும் சேர்ந்தால், இப்படிப்பட்ட தேதி ஏறக்குறைய இருபது ஆண்டுக்கு ஒரு முறைதான் அமையும். எழுத்தின் வடிவத்தைக் கொண்டு நூற்றாண்டைக் கணித்துவிட்டால், நான்கைந்து ஆண்டுகளே மிஞ்சும். அதே அரசனின் வேறு கல்வெட்டுகளையும் சேர்த்துப் பார்த்தால் அவற்றில் ஒன்றுதான் நிற்கும்.

இந்த வேலையை ஒழுங்காகச் செய்தவர் ஜெர்மானியரான கீல்ஹார்ன். புனேயில் சமஸ்கிருதம் கற்பித்துவிட்டு கோட்டிங்கன் பல்கலைக்கழகத்துக்குச் சென்றவர். முதலாம் ராஜராஜன் 985 ஜூன் 25-க்கும் ஜூலை 25-க்கும் இடையில் ஆட்சியேற்றான் என்பது அவர் கண்ட முடிவு. ஆட்சியாண்டு எண் எந்த இரு தேதிகளுக்கு நடுவே மாறுகிறது என்று பார்த்துப் பார்த்து, ஒரு மாத இடைவெளிக்குக் கொண்டுவந்துவிட்டார்!

ஒவ்வொரு தேதிக்கும் கையால் கணக்கிடுவது பெரும்பாடு. அதை ஒழித்தவர் நம்மவரான திவான் பகதூர் சுவாமிக்கண்ணுப் பிள்ளை (1865–1925). 1922-இல் வெளியான அவருடைய 'இந்தியன் எபிமெரிஸ்' கி.பி. 700 முதல் 1799 வரை ஒவ்வொரு நாளுக்கும் திதியும் நட்சத்திரமும் எப்போது முடிகின்றன என்று தசம பின்னத்தில் தருகிறது. 1,100 ஆண்டுகள், நாள்தோறும்! கணிப்பொறி இல்லாத காலத்தில் செய்யப்பட்டது என்பதை எண்ணிப் பாருங்கள்.

ஆயினும் பொறிகள் பல. சக ஆண்டுடன் 78 கூட்டினால் கி.பி. வரும் என்பார்கள்; நடப்பு ஆண்டா, கழிந்த ஆண்டா என்பதில் ஓராண்டு பிசகும். பாண்டியர் கல்வெட்டில் '2-ஆவதற்கு எதிர் 13' என்றிருந்தால் இரண்டையும் கூட்டி 15 என்று கொள்வது வழக்கம். நாள் தொடங்குவதோ சூரிய உதயத்தில், நள்ளிரவில் அன்று.

இதெல்லாம் பழங்கதை என்று எண்ண வேண்டாம். கைப்பேசியில் பாட்காஸ்ட் கேட்கிறீர்களா? ஒவ்வொரு நிகழ்ச்சியோடும் வெளியான தேதி ஓர் ஓடைக் கோப்பில் வருகிறது. 2002-இல் வந்த ஆர்.எஸ்.எஸ். 2.0 முறை, 1982-ஆம் ஆண்டு மின்னஞ்சல் விதியான ஆர்.எப்.சி. 822-ஐப் பின்பற்றி, கிழமை, நாள், மாதம், ஆண்டு, மணி, நேர மண்டலம் என்று எழுதச் சொல்கிறது. அந்தப் பழைய விதியில் ஆண்டுக்கு இரண்டே இலக்கம்! இங்கே திங்கள் விடியற்காலை 3 மணிக்கு வெளியிட்டால் கிரீன்விச்சில் ஞாயிறு இரவு 9.30. மண்டலக் குறிப்பை விட்டுவிட்டால் நாளே மாறிவிடும். நிகழ்ச்சிகள் முன்பின்னாக அடுக்கப்படும்.

ஆன்டெனாபாட் போன்ற திறந்த மூலச் செயலிகள் ஒரு வடிவம் பொருந்தாவிட்டால் அடுத்தது, அதுவும் இல்லாவிட்டால் அதற்கடுத்தது என்று வரிசையாக முயன்று பார்க்கின்றன. பயனுள்ள வழிதான். ஆனால் ஒரு வடிவம் பொருந்திவிட்டது என்பதாலேயே தேதி சரியாகிவிடாது. 03/04 என்பது மார்ச் 4-ஆ, ஏப்ரல் 3-ஆ? இரண்டு விதமாகவும் படிக்கலாம். கிழமையும் எழுதியிருந்தால் அதைக் கொண்டு சரிபார்க்கலாம். அந்த இரண்டு தேதிகளுக்கும் இடையே 30 நாள், ஏழால் வகுத்தால் மீதி 2. ஆகவே ஒரே கிழமை இரண்டுக்கும் பொருந்தாது.