சபிக்கப்பட்ட வெற்றி: இறுதியாட்டம், இயந்திரம், சட்டம்

1

1997ல் ஐ.பி.எம்மின் டீப் ப்ளூ காஸ்பரோவைத் தோற்கடித்தபோது எழுந்த கூச்சல் இரண்டே சொற்களில் அடங்கிவிட்டது: மனிதன், இயந்திரம். யார் ஜெயிச்சது, யார் தோத்தது என்கிற இந்தக் குஸ்திக் கதையாடலில் காணாமல்போன வரலாறு ஒன்று உண்டு. காய்கள் வெட்டுப்பட்டு ஐந்தாறு மட்டும் மிஞ்சி நிற்கும் இறுதியாட்டத்தின் வரலாறு அது. நான் தமிழ் படித்தவன். கணிதம் என் துறை அல்ல. ஆனாலும் இந்த வரலாற்றைக் கணிதக்காரர்கள் கையில் மட்டும் விட்டுவிட எனக்கு மனமில்லை. உண்மை எவ்வாறு உற்பத்தியாகிறது, அதற்கு முத்திரை குத்தும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்று நாம் மோதிக்கொள்ளும் கேள்விகள் அறுபத்து நாலு கட்டங்களுக்குள் அப்பட்டமாகக் கிடக்கின்றன.

2

நிஜமாகவே தானாக செஸ் ஆடிய முதல் இயந்திரம் ஓர் இறுதியாட்ட இயந்திரம்தான். ஸ்பெயின் பொறியாளர் டோரெஸ் கெவேதோ 1912ல் செய்து 1914ல் பாரிஸில் காட்டியது. வெள்ளை ராஜாவும் யானையும் இயந்திரத்திடம். தனிக் கறுப்பு ராஜா மனிதரிடம். எதிராளி எப்படி ஓடினாலும் கடைசியில் மேட் விழும். ஆனால் குறுக்குவழி அதற்குத் தெரியாது. மின் இணைப்புகளில் பூட்டி வைத்த சில விதிகளின்படி சுற்றிவளைத்துத்தான் போய்ச் சேரும்.

பின்னால் வந்த நிரல்கள் தேடல் வழியில் நடந்தன. நான் இப்படி நகர்த்தினால் அவன் எப்படி நகர்த்துவான் என்று கிளைகிளையாக விரித்துப் பார்ப்பது. கிளைகள் பெருகப் பெருக, வெட்டிக் குறைக்கத் தந்திரம் தேவைப்பட்டது. 1990களில் பரவிய தந்திரம் ஒன்று: 'ஒருமுறை நகர்த்தாமல் சும்மா இருந்துவிட்டாலும் என் நிலை நன்றாகவே இருக்கிறதா? அப்படியானால் இந்தக் கிளையை மேலும் தோண்ட வேண்டாம்.' இதற்கு அடியில் ஒரு நம்பிக்கை ஒளிந்திருக்கிறது. சும்மா இருப்பதைவிட நகர்வது எப்போதும் மேல் என்பதே அது. ஆட்டத்தின் நடுவில் அநேகமாக அது சரி. இறுதியாட்டத்தில் 'ஜுக்ஸ்வாங்' என்று ஜெர்மன் பெயரில் வழங்கும் நிலை வருகிறது. கையைக் கட்டிக்கொண்டு உட்கார முடிந்தால் பிழைத்துக்கொள்வான். ஆனால் நகர்த்தியே ஆக வேண்டும், எதை நகர்த்தினாலும் நாசம். தேர்ந்த இயந்திரங்கள் குருடானது இந்த இடத்தில்தான்.

இன்னொரு உதாரணம். ஒருவனிடம் ஒரு மந்திரியும் ஓரத்துச் சிப்பாயும் கூடுதல். மதிப்பெண் கணக்கில் நாலு சிப்பாய் அளவு லாபம். ஆனால் சிப்பாய் ராணியாக வேண்டிய மூலைக்கட்டத்தின் நிறமும் மந்திரி நடக்கும் கட்டங்களின் நிறமும் வேறாகி, எதிரி ராஜா அந்த மூலையில் போய் உட்கார்ந்துவிட்டால், தலைகீழாக நின்றாலும் ஆட்டம் டிராதான்.

ஆக, இயந்திரத்தை மேம்படுத்துவது என்பது நடைமுறையில் பொதுவிதிகளுக்கு விலக்கு எழுதிச் சேர்ப்பதாக இருந்தது. ராஜாவும் சிப்பாய்களும் மட்டுமே மிஞ்சிய பக்கத்துக்கு அந்தத் தந்திரத்தை நிறுத்து; சந்தேகமான இடத்தில் இன்னொரு தேடலால் சரிபார்; இந்த மந்திரிக்கு மட்டும் கணக்கை மாற்று. மையத்தில் செய்யப்பட்ட விதி விளிம்பில் உடைகிறது. உடையும் இடத்தை ஒருவர் சுட்டிக்காட்டினால் ஒழிய அது தெரிவதில்லை.

3

இரண்டாவது வழி அடியோடு வேறானது. 1965ல் கணிதவியலர் ரிச்சர்ட் பெல்மன் முன்வைத்த யோசனை: முடிவிலிருந்து பின்னோக்கி வா. மேட் ஆகிவிட்ட நிலைகளை எல்லாம் எழுதிக்கொள். அவற்றுக்கு ஒரு நகர்வு முன்னால் இருந்த நிலைகள் எவை? அதற்கும் முன்னால்? இனி சேர்க்க எதுவுமில்லை என்னும்வரை இப்படியே போனால் கிடைப்பது ஓர் அட்டவணை. அதில் தேடலோ மதிப்பீடோ கிடையாது. பார், படி, நகர்த்து, அவ்வளவுதான்.

யூனிக்ஸை உருவாக்கியவர்களில் ஒருவரான கென் தாம்சன் 1970களின் இறுதியில் ராணிக்கு எதிராக யானை என்னும் இறுதியாட்டத்துக்கு இப்படி அட்டவணை செய்தார். ராணி உள்ளவர் சுலபமாக வெல்லலாம் என்பது பாடநூல் ஞானம். அமெரிக்க சாம்பியனாக இருந்த வால்டர் பிரவுன் பந்தயம் கட்டி உட்கார்ந்தார். இயந்திரம் யானையை ராஜாவைவிட்டு எங்கோ தள்ளி வைத்து, எந்தப் புத்தகத்திலும் இல்லாத விதமாகத் தற்காத்தது. ஐம்பது நகர்வுகளில் பிரவுனால் ஜெயிக்க முடியவில்லை. வீட்டில் உட்கார்ந்து படித்துவிட்டு வந்து, மறுமுறை சரியாக ஐம்பதாவது நகர்வில் ஜெயித்தார். அட்டவணைக்கோ மிகக் கடினமான நிலைக்கும் 31 நகர்வு போதும்.

இரண்டு மந்திரிகளுக்கு எதிராக ஒரு குதிரை தாக்குப்பிடிக்கும் என்று 1851ல் கிளிங்கும் ஹோர்விட்சும் ஒரு காப்புநிலையைக் காட்டினார்கள். நூற்று முப்பது ஆண்டுகள் அது உண்மையாக இருந்தது. 1983ல் தாம்சனின் அட்டவணை அதை உடைத்தது: மந்திரிகள் பொதுவாக வெல்லும், அதிகபட்சம் 66 நகர்வு பிடிக்கும். மறுபக்கமும் உண்டு. 1942ல் லெனின்கிராட் முற்றுகையின்போது இறந்துபோன அலெக்ஸி துரோயிட்ஸ்கி, இரண்டு குதிரைகள் ஒரு சிப்பாயை எதிர்க்கும் ஆட்டத்தில் வெற்றிக்கு ஓர் எல்லைக்கோடு வரைந்திருந்தார். கையாலும் மூளையாலும் மட்டும் போட்ட அந்தக் கோட்டைப் பின்னால் வந்த அட்டவணைகள் பெரும்பாலும் சரி என்றன. மனித அறிவு எல்லாம் மாயை என்று இயந்திரப் பூசாரிகள் சொல்லும்போது இந்தப் பெயரை ஞாபகப்படுத்த வேண்டியிருக்கிறது.

4

இங்கே சட்டம் நுழைகிறது. ஐம்பது நகர்வுகளில் எந்தக் காயும் வெட்டுப்படாமல், எந்தச் சிப்பாயும் நகராமல் போனால் டிரா கேட்கலாம். ஐம்பதைத் தாண்டும் வெற்றிகளை அட்டவணைகள் காட்டியதும், உலக செஸ் கூட்டமைப்பான ஃபிடே 1980களில் சில இறுதியாட்டங்களுக்குக் கெடுவை நீட்டித்தது. 1991ல் லூயிஸ் ஸ்டில்லர் ஆறு காய்களில் 223 நகர்வு நீளும் வெற்றி ஒன்றைக் கண்டார். 1992ல் ஃபிடே விலக்குகளை எல்லாம் ரத்து செய்துவிட்டது. உண்மை நீண்டுகொண்டே போனது. சட்டம் ஐம்பதுக்கே திரும்பிக்கொண்டது.

2012ல் மாஸ்கோ பல்கலைக்கழகத்தின் லோமனோசோவ் கணினியில் ஏழு காய் அட்டவணை முடிந்தது. அதன் அளவு சுமார் 140 டெராபைட். மிக நீண்ட மேட் 549 நகர்வு. அடுத்து வந்தது ரொனால்ட் டி மான் 2013ல் வெளியிட்ட 'சிசிஜி'. 2018ல் ஏழு காய்களுக்கு விரிந்தபோதும் அதன் அளவு சுமார் 18 டெராபைட்தான். அளவு சுருங்கியதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது வேறு: சிசிஜி சட்டத்தையும் உள்ளே எழுதிக்கொண்டது. வெற்றி, டிரா, தோல்வி என்ற மூன்றோடு மேலும் இரண்டு வகைகள். பலகையில் வெற்றி, ஐம்பது நகர்வு விதியால் டிரா: இதற்கு நிரலாளர்கள் வைத்த பெயர் 'சபிக்கப்பட்ட வெற்றி'. எதிர்ப்பக்கம் இருப்பவனுக்கு அது 'ஆசீர்வதிக்கப்பட்ட தோல்வி'. நியாயம் உன் பக்கம்தான், ஆனா கெடு தாண்டிப்போச்சு என்று நிலவழக்குகளில் கேட்டுப் பழகியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

5

இன்றைய ஸ்டாக்ஃபிஷ் 2020ல் நரம்புவலை மதிப்பீட்டை ஏற்றது. மனிதர்கள் எழுதிய பழைய மதிப்பீட்டு விதிகளை 2023ல் முற்றாகக் கழித்துவிட்டது. விதி எழுதியவரிடமாவது ஏன் என்று கேட்கலாம். வலையிடம் கேட்க முடியாது. அட்டவணையிடமும் முடியாது: 549 நகர்வு வெற்றியில் இருநூறாவது நகர்வு எதற்காக என்றால் அதனிடம் பதில் இல்லை. தீர்ப்பு உண்டு, வாதம் கிடையாது. 2017ல் பென்ரோஸ் நிறுவனம் வெளியிட்ட புதிரில் கறுப்பிடம் மூன்று மந்திரிகள், எல்லாம் ஒரே நிறக் கட்டத்தில். மற்ற பெரிய காய்கள் அடைபட்டுக் கிடக்கின்றன. வெள்ளை ராஜா மற்ற நிறத்தில் நடந்துகொண்டிருந்தாலே டிரா. சாதாரண ஆட்டக்காரர் பார்த்ததும் சொல்வார், காரணத்தோடு சொல்வார். இயந்திரமோ கறுப்புக்குப் பெரும் சாதகம் என்று எண் காட்டியது.

பின்னோக்கி வரும் முறை பலிப்பதற்குக் காரணம் ஒன்றுதான்: செஸ்ஸில் முடிவு எது என்று முன்கூட்டியே வரையறுத்தாகிவிட்டது, பலகையும் மூடியது. அந்த மூடிய பலகையிலேயே எட்டுக் காய்களுக்கு முழு அட்டவணை இன்னும் இல்லை. ஆட்டம் தொடங்குவது முப்பத்திரண்டோடு. வரலாற்றின் முடிவு தன் கையில் இருப்பதாகச் சொல்லி, அங்கிருந்து நேற்றையும் இன்றையும் அளக்கிற வழக்கம் எதிர்முகாமில் மட்டுமல்ல, நம் தோழர்களிடமும் உண்டு. அவர்களிடம் கேட்க வேண்டியது இதுதான்: உங்கள் மேட் எந்த நிலை, ஐம்பது என்று எண்ணிக்கொண்டிருப்பது யார்?