மணநாளுக்கு முன் கேட்ட வாக்கு

1914ஆம் ஆண்டில் நடந்த ஒரு திருமணம் நம் சிந்தனைக்குரியது. மணமகள் டாக்டர் முத்துலட்சுமி, வயது 27. மணமகன் டாக்டர் சுந்தர ரெட்டி. தம்மை என்றும் தமக்கு நிகராக மதிக்க வேண்டும், தம் விருப்பங்களுக்குக் குறுக்கே நிற்கலாகாது என்று மணமகள் முன்னரே வாக்குக் கேட்டார். அவரும் தந்தார். 1872ஆம் ஆண்டுத் திருமணச் சட்டப்படி இருவரும் மணந்துகொண்டனர்.

முத்துலட்சுமி பிறந்த அதே 1886இல் மயிலாப்பூரில் பிறந்தவர் சகோதரி சுப்புலட்சுமி. அவருக்குப் பதினொரு வயதில் மணம்; விரைவிலேயே கைம்மை. பதினொரு வயதுச் சிறுமியிடம் யார் வாக்குக் கேட்பார்? அவள்தான் யாரிடம் கேட்பாள்?

சுந்தர ரெட்டி தந்த வாக்கு எளிதானதன்று. 1925இல் மனைவி மேற்படிப்புக்காக இங்கிலாந்து சென்றார். 1927இல் சென்னைச் சட்டமன்றத்தின் துணைத் தலைவரானார்; நல்ல வருமானம் தந்த மருத்துவத் தொழில் பின்னுக்குப் போயிற்று. மனைவிக்கு விழும் மாலைகளில் மகிழ எந்தக் கணவரும் முன்வருவார். ஆனால் 1930இல், தேவதாசி முறையிலிருந்து தப்பி வந்த சிறுமியருக்குத் தங்க இடம் கிடைக்காதபோது, முத்துலட்சுமி அவர்களைத் தம் வீட்டிலேயே வைத்துக்கொண்டார். அதுவே அடையாற்றின் அவ்வை இல்லமாக வளர்ந்தது. கொடுத்த வாக்கு உரைத்துப் பார்க்கப்படுவது இத்தகைய நாள்களில்தான்.

அன்பிருக்கும் இடத்தில் நிபந்தனை எதற்கு என்பார் உளர். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒருவர் மற்றவரிடம் எதிர்பார்ப்பதைச் சொல்லாமலே மணந்து, பின்னர் 'அவருக்கே தெரிய வேண்டாமா?' என்று குமைவதில்தான் பல இல்லங்களின் மனக்குறை தொடங்குகிறது.

நம் திருச்சபைச் சட்டமும் இத்திசையில் நடந்து வந்திருக்கிறது. 1917ஆம் ஆண்டுத் தொகுப்பு மக்கட்பேற்றையும் வளர்ப்பையும் திருமணத்தின் முதன்மை நோக்கமாகவும், தம்பதியரின் பரஸ்பர உதவியை அடுத்ததாகவும் வைத்தது. 1983ஆம் ஆண்டுத் தொகுப்பில் அந்தப் படிவரிசை இல்லை. திருமணம் வாழ்வு முழுமைக்குமான தோழமை, தம்பதியரின் நலனும் அதன் இலக்கு. மணமக்களின் இசைவுக்கு வேறெந்த மனித அதிகாரமும் ஈடாகாது என்பதும் அதில் உண்டு.

பீடத்தின் முன் குருவானவர் அந்த இசைவைக் கேட்கிறார். ஆனால் அதற்குள் அழைப்பிதழ் அச்சாகி, தியாகராய நகரில் பட்டு எடுத்து, மண்டபத்துக்கு முன்பணமும் கட்டியாயிற்று! முத்துலட்சுமி கேட்ட வேளையில், மாட்டேன் என்று சொல்லவும் சுந்தர ரெட்டிக்கு இடமிருந்தது.