குலுக்கையிலிருந்து இன்வெர்ட்டர் வரை

போன மாசம் ஊருக்குப் போயிருந்தேன். மச்சுல கிடக்குற பழைய சாமானை எல்லாம் ஒழிச்சுப் போடணும்னு அம்மா ஆறு மாசமா சொல்லிட்டே இருந்தாங்க. ஏறிப் பார்த்தா உடைஞ்ச கேரம் போர்டு, என் பத்தாம் வகுப்பு கைடு, அதுக்குப் பின்னாடி தூசி படிஞ்சு ஒரு அரிக்கேன் லைட்டு. கண்ணாடி கூட உடையலை. "பழைய இரும்புக்குப் போட்டுருவோமாடா?"ன்னு கீழே இருந்து அம்மா. "வேணாம்மா, இருக்கட்டும்"னு சொல்லி இறக்கித் துடைச்சு வச்சேன். ஏன் அப்படிச் சொன்னேன்னு அம்மாவுக்கு அன்னைக்கு விளக்கமா சொல்ல முடியலை. அதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளமான கொசுவத்தி. பொறுமை இல்லாதவங்க கடைசிப் பகுதிக்குத் தாவிக்கலாம் :-)

எங்க ஊர் சுந்தரபாண்டியம். ஸ்ரீவில்லிபுத்தூரும் ராஜபாளையமும் தெரிஞ்ச அளவுக்கு எங்க ஊரைத் தெரிஞ்சவங்க கம்மி. வத்திராயிருப்பு பக்கம்னு சொன்னா சதுரகிரி போனவங்களுக்குப் புரியும். மேற்கே மலை, நடுவுல கண்மாய்கள், கிழக்கே போகப் போக கரிசல். மழை பெஞ்சாத்தான் கண்மாய் நிறையும், கண்மாய் நிறைஞ்சாத்தான் நெல்லு. இந்த மாதிரி ஊர்ல 'நாளைக்கு இல்லாமப் போயிட்டா?'ங்கிறது பேரிடர் மேலாண்மைப் பாடம் இல்லை. தினப்படி நினைப்பு.

அந்த நினைப்பைத்தான் மண்ணுல செஞ்சு வீட்டுக்குள்ள நிறுத்தி வச்சிருந்தாங்க. அதுக்குப் பேரு குலுக்கை. தஞ்சாவூர்ப் பக்கம் குதிர்ம்பாங்க. வட்டம் வட்டமா மண் உறை செஞ்சு, காய வச்சு, ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கிப் பூசினது. ஆள் உயரத்துக்கு மேல இருக்கும். மேல வாய் வழியா தானியத்தைக் கொட்டுவாங்க, கீழே ஒரு சின்ன ஓட்டை வழியா எடுப்பாங்க. பொட்டி தட்டுறவன் கண்ணுக்கு இது சுத்தமான கியூ. முதல்ல போட்ட தானியம் முதல்ல வெளிய வந்துரும், பழசு அடியில தங்கிப் புழுத்துப் போகாது. வேப்பிலை போட்டு வைப்பாங்க. விதையைச் சாம்பல்ல புரட்டித் தனியா எடுத்து வைப்பாங்க. எங்க அம்மாச்சி சொல்லும்: "விதையைத் தின்னவன் வீடு வெளங்காது." பசி உயிர் போனாலும் அந்தப் பானையில கை வைக்கக் கூடாது.

இது எவ்வளவு பெரிய விஷயம்னு தெரிய 1876-க்குப் போகணும். தாது வருஷப் பஞ்சம். 1876-ல் பருவமழை பொய்த்தது, அடுத்த வருஷமும் ஏமாத்திருச்சு. சென்னை மாகாணத்துல மட்டும் செத்தவங்க பல லட்சம். அப்போ வெள்ளைக்கார அரசாங்கம் நிவாரண வேலைக்குக் கூலி வச்சது. சென்னையில பக்கிங்காம் கால்வாய் தோண்டினதுல ஒரு பகுதி அப்படி நடந்ததுதான். 1877-ல் செலவைக் குறைக்க ரிச்சர்ட் டெம்பிள்னு ஒரு அதிகாரி வந்து, ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓர் அணாவும் போதும்னு கணக்குப் போட்டுக் கொடுத்தார். ஒரு பவுண்டுன்னா அரைக்கிலோ கூட இல்லை. அதைத் தின்னுட்டு நாள் பூரா மண்ணு வெட்டணும். கொடுமை என்னன்னா, அந்தப் பஞ்சத்துலயும் இந்தியாவுல இருந்து தானியம் கப்பல் ஏறிட்டுத்தான் இருந்துச்சு. ரயில் இருந்துச்சு, சந்தை இருந்துச்சு, விலை கொடுக்கத்தான் ஏழைகிட்ட காசு இல்லை. பிழைக்க வழியில்லாம இலங்கைக்கும் பர்மாவுக்கும் போனவங்க ஏராளம்.

ஒரு வருஷ மழை பொய்த்தாக் குலுக்கை தாங்கும். ரெண்டு வருஷம் பொய்த்தா அதுவும் காலி. குலுக்கையே இல்லாத கூலிக்காரன் வீட்டுக்கு முதல் மாசமே பஞ்சம்தான். 'அந்தக் காலத்துல எல்லாரும் தற்சார்பா சந்தோஷமா இருந்தாங்க'ன்னு யாராவது ஆரம்பிச்சா நான் இதைத்தான் சொல்லுவேன். தயார் நிலைங்கிறது எப்பவும் வசதி உள்ளவனுக்குக் கொஞ்சம் கூட, இல்லாதவனுக்கு ரொம்பக் கம்மி.

அடுத்தது வெளிச்சம். ஆமணக்கெண்ணெய், வேப்பெண்ணெய் விளக்கை எல்லாம் ஓரங்கட்டிட்டு வந்தது சீமெண்ணெய். பர்மா எண்ணெய். 1942-ல் பர்மாவை ஜப்பான் பிடிச்சதும் பர்மா அரிசியும் நின்னுச்சு, எண்ணெய்க்கும் தட்டுப்பாடு வந்துருச்சு. நாம இன்னைக்கு வரைக்கும் கையில வச்சிருக்கிற ரேஷன் கார்டோட மூதாதையர் அந்த யுத்த காலத்துல பிறந்ததுதான். கடல் தாண்டி எங்கேயோ நடந்த சண்டையில இங்க அடுப்பங்கரை இருட்டாச்சு. தூரத்துல இருந்து வர்ற ஒரு பொருளை நம்பி வீடு நடந்தா இதுதான் கதி. இந்தப் பாடத்தை நாம திரும்பத் திரும்பப் படிச்சு, திரும்பத் திரும்ப மறந்திருக்கோம்.

அப்புறம் கரண்டு வந்துச்சு. பைக்காரா நீர்மின் நிலையம் 1932, மேட்டூர் 1937, பாபநாசம் 1944. தெக்குச் சீமைக்கு வெளிச்சம் கொடுத்ததுல பாபநாசத்துக்குப் பெரிய பங்கு உண்டு. 1957 ஜூலை 1-ல் மின்சார வாரியம் உருவாச்சு. காமராஜர் காலத்துல கிராமம் கிராமமா கம்பம் நட்டு, கிணத்துக்குக் கிணறு பம்ப்செட் வச்சதுல நம்ம மாநிலம் இந்தியாவுலேயே முன்வரிசை. இதைக் குறை சொன்னா எனக்குச் சோறு கிடைக்காது. அந்தக் கம்பி வரலைன்னா எங்க வம்சத்துல ஒருத்தன் எஞ்சினியரிங் படிச்சிருக்க மாட்டான்.

ஆனா கம்பி உள்ள வர வர, வீட்டுல இருந்து ஒவ்வொண்ணா வெளிய போச்சு. மில்லு வந்ததும் உரலும் திருகையும் போச்சு. மிக்ஸி வந்ததும் அம்மிக்கல்லு வாசப்படி ஆச்சு. மோட்டார் வந்ததும் கிணத்துச் சகடையும் கயிறும் போச்சு, அப்புறம் கிணத்துக்கே கான்கிரீட் மூடி. கேஸ் வந்ததும் விறகடுப்பு போச்சு. ரேஷன் கடை இருக்குன்னு குலுக்கையை உடைச்சு அந்த இடத்துல பீரோ வச்சோம். ஒவ்வொண்ணும் தனியாப் பார்த்தா நல்ல முடிவுதான். எங்க அம்மாச்சி கையில இருந்த காய்ப்பைப் பார்த்தவன் உரலுக்காக அழ மாட்டான். மொத்தமாப் பார்த்தாத்தான் தெரியும்: அரைக்க, குடிக்க, படிக்க, மூச்சு விட எல்லாத்துக்கும் ஒரே ஒரு கம்பி. எங்க ஆபீஸ்ல இப்படி ஒரு டிசைன் போட்டா மேனேஜர் கிழிச்சுத் தொங்க விட்டிருவார்.

'மூச்சு விட'ன்னு சும்மா சொல்லலை.

2012. நான் பத்தாம் வகுப்பு. 2008-ல் ஆரம்பிச்ச மின்வெட்டு நாளுக்கு நாள் ஏறி, அந்த வருஷம் அக்டோபர், நவம்பர்ல உச்சத்துக்குப் போச்சு. சென்னைக்கு ரெண்டு மணி நேரம், எங்களுக்கு 14 மணி நேரம், சில நாள் அதுக்கும் மேல. ஒரு மணி நேரம் இருக்கும், ஒரு மணி நேரம் போகும், ராத்திரியும் அப்படித்தான். அரசு இலவசமா மிக்ஸி, கிரைண்டர், ஃபேன் கொடுத்துட்டு இருந்த காலம். அந்த கிரைண்டர் மேல மெழுகுவத்தி வச்சுத்தான் நான் முக்கோணவியல் படிச்சேன் :-(

தாத்தாவுக்கு ஆஸ்துமா. நெபுலைசர் கரண்டுல ஓடுறது. அதுக்காகவே கடன் வாங்கி அப்பா இன்வெர்ட்டர் போட்டார். நவம்பர்ல ஒரு ராத்திரி ரெண்டு மணிக்கு தாத்தாவுக்கு இழுப்பு வந்துருச்சு. கரண்டு இல்லை. நெபுலைசரைப் போட்டா ரெண்டு நிமிஷத்துல இன்வெர்ட்டர் 'கீ...'ன்னு கத்திட்டு அணைஞ்சு போச்சு. அப்பா டிவிஎஸ் 50 பின்னாடி தாத்தாவை உட்கார வச்சு, நான் பின்னாடி இருந்து பிடிச்சுக்கிட்டு, கும்மிருட்டுல டவுன் ஆஸ்பத்திரிக்குப் போனோம். வழி பூரா என் நெஞ்சுல அவர் முதுகு இழுத்து இழுத்து ஆடினது இப்பவும் ஞாபகம் இருக்கு. பிழைச்சுட்டார். அதுக்கப்புறம் ஆறு வருஷம் இருந்தார்.

இன்வெர்ட்டர் ஏன் கைவிட்டுச்சு? காலேஜ்ல சேர்ந்த பிறகுதான் கணக்குப் போட்டேன். 12 வோல்ட், 150 ஆம்பியர்-அவர் பேட்டரின்னா பேப்பர்ல 1,800 வாட்-அவர். பாதிதான் நிம்மதியா எடுக்கலாம், மீதியையும் வழிச்சு எடுத்தா பேட்டரி ஆயுசு போயிரும். ஒரு ஃபேன், ஒரு டியூப் லைட்டுன்னா ஆறேழு மணி நேரம் வரும். ஆனா காலியான பேட்டரி திரும்ப நிறைய எட்டு பத்து மணி நேரம் கரண்டு வேணும். மணிக்கு மணி போய் வர்ற ஊர்ல அது என்னைக்குமே நிறையாது. இன்வெர்ட்டர் கரண்டை உண்டாக்காது, கடன் வாங்கி வைக்கும், வட்டியும் கட்டும். ஊர்ல அத்தனை இன்வெர்ட்டரும் கரண்டு வந்த அந்த ஒரு மணி நேரத்துல சேர்ந்து சார்ஜ் ஏறினதுல தட்டுப்பாடு இன்னும் கூடத்தான் செஞ்சிருக்கும்.

பெரிய படமும் இதே கதைதான். அப்போ தேவை 12,000 மெகாவாட் பக்கம், கிடைச்சது அதுல மூணுல ரெண்டு பங்கு. புது நிலையங்கள் எல்லாம் தாமதம். ஆரல்வாய்மொழி, முப்பந்தல் காத்தாடிகள் ஆடிக்காத்துல அள்ளிக் கொடுக்கும், ஐப்பசியில படுத்துரும். அதான் அக்டோபர்ல அடி பலமா விழுந்துச்சு. வடக்கே இருந்து வாங்கலாம்னா கொண்டு வரப் போதுமான லைன் இல்லை. அதுலயும் ஒரு வேடிக்கை. 2012 ஜூலை 30, 31-ல் வட இந்தியா பூரா கிரிட் விழுந்து 60 கோடிப் பேருக்கு மேல இருட்டுல இருந்தப்ப, நாம தப்பிச்சோம். காரணம், தெற்கு கிரிட் அவங்களோட முழுசா இணையலை. தனியா இருந்ததால பட்டினி, தனியா இருந்ததாலேயே பாதுகாப்பு. 2013 டிசம்பர் 31-ல் ராய்ச்சூர் - சோலாப்பூர் லைன் வழியா இணைஞ்சோம். புது நிலையங்களும் வரவே 14 மணி நேர வெட்டு பழங்கதை ஆச்சு. கிணத்து மூடியைத் திறந்து வச்சிருந்தவங்க திரும்ப மூடிட்டாங்க.

நம்ம மின்வெட்டு எல்லாம் ஒண்ணுமே இல்லைன்னு தோண வச்சது ஈழத்து நண்பர்கள். 1990-க்குப் பிறகு யாழ்ப்பாணத்துல பல வருஷம் மின்சாரமே கிடையாது. பொருளாதாரத் தடையில பேட்டரி கூட உள்ள வராது, மண்ணெண்ணெய் யானை விலை. ஜாம் போத்தல்ல பஞ்சு வச்சு, அது நனையுற அளவுக்கு மட்டும் எண்ணெய் விட்டு விளக்கு எரிச்சாங்க. சைக்கிளைக் கவுத்துப் போட்டு, பெடலைக் கையால சுத்தி, டைனமோவுல ரேடியோ செய்தி கேட்டாங்க. அந்த வெளிச்சத்துல படிச்சு பரீட்சை எழுதி டாக்டர் ஆனவங்களும் உண்டு. வீட்டுக் கிணறும், கையால சரி பண்ணத் தெரிஞ்ச சைக்கிளும்தான் அவங்களைக் காப்பாத்துச்சு.

2018 நவம்பர் 16, கஜா. வேதாரண்யத்துக்கும் நாகைக்கும் நடுவுல கரையேறி, டெல்டாவுல ஒரு லட்சத்துக்கும் மேல மின்கம்பத்தைச் சாய்ச்சுட்டுப் போச்சு. மத்த மாவட்டங்கள்ல இருந்தெல்லாம் லைன்மேன்கள் போய், இடுப்பளவு சேத்துல கம்பம் நட்டாங்க. அப்படியும் உள் கிராமங்களுக்கு வாரக்கணக்கா ஆச்சு. அங்க முதல் பிரச்சினை வெளிச்சம் இல்லை, தண்ணி. மோட்டார் ஓடலைன்னா மேல்நிலைத் தொட்டி வெறும் கான்கிரீட். 2023 டிசம்பர்ல மிக்ஜாம் வந்தப்ப அதையே நான் பள்ளிக்கரணையில நாலாவது மாடியில அனுபவிச்சேன். மூணு நாள் கரண்டு இல்லை, லிஃப்ட் இல்லை, தண்ணி இல்லை, டவர் இல்லை. வங்கியில காசு இருக்கு, பர்ஸுல 40 ரூபா. கீழே பால் வித்தவர்கிட்ட ஜிபே வேலை செய்யலை. எதிர் வீட்டு அக்கா வாங்கிக் கொடுத்தாங்க.

ரெண்டு வாரம் கழிச்சு தெக்க வெள்ளம். காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர் மழை. ஸ்ரீவைகுண்டத்துல திருச்செந்தூர் ரயில் நூற்றுக்கணக்கான பயணிகளோட மாட்டிக்கிச்சு. பக்கத்துப் புதுக்குடி ஊர்க்காரங்க, தங்களுக்கே கரண்டும் வழியும் இல்லாத நேரத்துல, அவங்களுக்குச் சமைச்சுப் போட்டாங்க. அந்தச் செய்தியைப் படிச்சப்ப எனக்குக் குலுக்கைதான் ஞாபகம் வந்துச்சு. வீட்டுல அரிசி இருந்தவன்தானே அடுத்தவனுக்கு உலை வைக்க முடியும்?

சரி, கடைசிப் பகுதி. இப்போ ஊர்ல அம்மாவும் அப்பாவும் மட்டும்தான். போன மாசம் நான் செஞ்சது இவ்வளவுதான்:

- கிணத்து மூடியில ஒரு பக்கம் திறக்குற மாதிரி கதவு. சகடை, கயிறு, வாளி திரும்ப வந்தாச்சு.
- ரெண்டு குடம் குடிதண்ணி எப்பவும் தனியா. ஒரு மாச அரிசி, பருப்பு. குலுக்கை விதிதான்: பழசை முதல்ல எடுக்கணும்.
- அப்பா பிரஷர் மாத்திரை எப்பவும் 15 நாளுக்கு முன்கூட்டி.
- பீரோவுல சில்லறையா 3,000 ரூபா. முக்கியமான போன் நம்பர் எல்லாம் பேப்பர்ல எழுதி, காலண்டர் பின்னாடி.
- கைல சுத்துற டார்ச், சின்ன ரேடியோ, அப்புறம் அந்த அரிக்கேன். இன்வெர்ட்டர் பேட்டரிக்கு தண்ணி பார்க்க காலண்டர்ல குறி.
- வெள்ளம் வந்தா முதல்ல மெயினை அணைக்கணும்னு அம்மாவுக்குச் சொல்லி, அவங்க கையாலேயே ஒரு தடவை அணைக்க வச்சேன்.

எல்லாம் முடிச்சுட்டுக் கிளம்புறப்ப அம்மா ஒரு பெரிய பாத்திரத்தை எடுத்து அடுப்பங்கரையில வச்சாங்க. "எதுக்கும்மா இவ்வளவு பெருசு, ரெண்டு பேருக்கு?"ன்னேன். "நம்ம தெருவுல கிணறு இருக்கிறது இப்ப நம்ம வீட்டுல மட்டும்தானேடா"ன்னாங்க.

டிஸ்கி: ஜெனரேட்டர் வாங்குறவங்க தயவு செஞ்சு வெளிய வச்சு ஓட்டுங்க, அடைச்ச இடத்துல அதோட புகை ஆளைக் கொன்னுரும். உங்க ஊர்ல குலுக்கைக்கு என்ன பேருன்னு பின்னூட்டத்துல சொல்லிட்டுப் போங்க.