கேட்ஸ் கார்னருக்குப் போகும் வழி

1926 மார்ச்சில் நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் சவாய் பால்ரூம் திறக்கப்பட்டது. லெனாக்ஸ் அவென்யூவில், 140-ஆம் தெருவிலிருந்து 141-ஆம் தெரு வரை நீண்ட கூடம். கறுப்பரும் வெள்ளையரும் ஒரே தரையில் ஆடலாம் என்பது அன்றைய அமெரிக்காவில் சாதாரண விஷயம் இல்லை. ஆனாலும் உள்ளே ஒரு எல்லை இருந்தது. கேட்ஸ் கார்னர் என்று ஒரு மூலை, தேர்ந்த ஆட்டக்காரர்களுக்கானது. யாரும் கோடு போடவில்லை, ஆனா நேற்று ஆடத் தொடங்கியவர் அந்தப் பக்கம் போகமாட்டார்.

அங்கே ஆடியது லிண்டி ஹாப். ஜோடி நடனம், ஒத்திகை கிடையாது. பாண்டு வாசிப்பதைக் கேட்டு அந்த நொடியில் இருவரும் சேர்ந்து உருவாக்க வேண்டும். கேட்க அழகா இருக்கு. புதியவருக்கோ இது மூன்று வேலை ஒரே நேரத்தில்: இசையைக் கேள், துணையைக் கவனி, அடுத்து என்ன செய்வது என்று யோசி. ஏதாவது ஒன்று சறுக்கும்.

குழுவாக ஆடும் நடனங்கள் உதவியது இந்த இடத்தில்தான். 1920களின் இறுதியில் லெனார்ட் ரீட், வில்லி பிரையண்ட் என்ற இருவர் உருவாக்கிய ஷிம் ஷாம் மேடையில் பிறந்த டேப் நடனம். பிறகு சாதாரண ஷூ போட்டவர்களும் வரிசையாக நின்று ஆடத் தொடங்கினார்கள். அதன் அமைப்பு எளிது. தொடக்கத்தில் ஒரு அசைவு, எட்டு எண்ணிக்கைக்கு ஒன்றாக மூன்று தடவை. நான்காவது எட்டில் ‘பிரேக்’. அப்புறம் வேறு அசைவு. நாலு தடவை ஆடிவிட்டால், இசையின் வாக்கியம் எங்கே முடிகிறது என்று எண்ணாமலே கால் சொல்லிவிடும். ஜோடியாக ஆடும்போது எந்த இடத்தில் நிற்கலாம், எங்கே சேட்டை பண்ணலாம் என்பதற்கு இந்த அறிவுதான் அடிப்படை. (நிரல் எழுதுபவர்களுக்கு: லைப்ரரியை மனப்பாடம் செய்தவனுக்குத்தான் சொந்தமா எழுத நேரம் மிச்சமாகும்.)

இன்னொன்று, வரிசையில் துணை தேவையில்லை. யாரிடமும் போய் ‘ஆடலாமா’ என்று கேட்டு மறுப்பு வாங்க வேண்டாம். மறந்துவிட்டால் முன்னால் நிற்பவரின் காலைப் பார்த்துக்கொள்ளலாம். கூச்சம் உள்ளவர்களுக்கு இது எவ்வளவு பெரிய சலுகை என்று கூச்சம் இல்லாதவர்களுக்குப் புரியாது.

1930களில் பெரும் புகழ் பெற்ற பிக் ஆப்பிள் இன்னும் ஒரு படி மேலே போனது. அது தென் கரோலினாவின் கொலம்பியா நகரில், முன்பு யூதர் தொழுகைக்கூடமாக இருந்த கட்டடத்தில் இயங்கிய கறுப்பரின் கிளப் ஒன்றில் தோன்றியது. வட்டமாக நின்று, ஒருவர் குரல் கொடுக்க எல்லோரும் ஒரே அசைவு. நடுநடுவே யாராவது வட்டத்துக்குள் போய்த் தன் பங்கை ஆடிவிட்டுத் திரும்புவார்கள். சில நொடி தனியாக, பிறகு மறுபடி கூட்டத்துக்குள். கேட்ஸ் கார்னருக்கு இதைவிட நல்ல படிக்கட்டு எனக்குத் தெரியவில்லை.

சவாயின் ஃபிராங்கி மேனிங் இதே எண்ணத்தை லிண்டி ஹாப்புக்கே கொண்டுவந்தார். அதுவரை ஜோடிகள் அவரவர் வழியில் ஆடிக்கொண்டிருந்தன. அவர் பல ஜோடிகளை ஒரே அசைவில் ஆடவைத்தார். 1939-இல் வந்த ‘கீப் பஞ்சின்’ படத்தில் அவருடைய பிக் ஆப்பிளைப் பார்க்கலாம்.

வரிசை நடனம் கற்பனையைக் கொன்றுவிடும் என்பவர்கள் உண்டு. வேறு எதையும் ஆடாமல் அதிலேயே தங்கிவிடுகிறவர்கள் விஷயத்தில் அது சரிதான். ஆனால் அன்றிரவு இருவர் நொடியில் உருவாக்கியது அன்றிரவோடு போய்விட்டது. மிச்சம் இருப்பது பெரும்பாலும் ஒத்திகை பார்த்த ஆட்டங்கள். சவாய் 1958-இல் மூடப்பட்டது, கட்டடத்தையும் இடித்தார்கள். மேனிங் அஞ்சல் துறையில் வேலைக்குப் போயிருந்தார். 1980களில் இளைஞர்கள் பழைய படச்சுருள்களைப் பார்த்து அசைவுகளைப் பிரித்தெடுத்துக் கற்றார்கள். பிறகு அவரையே தேடிப்போனார்கள்.

எழுபதைத் தாண்டிய பிறகு அவர் உலகமெங்கும் போய் ஷிம் ஷாம் கற்றுக்கொடுத்தார். அவர் சொல்லித்தந்த வடிவத்தில் வரிசை ஆட்டம் முடிந்ததும் எல்லோரும் துணை தேடிக்கொண்டு ஜோடியாக ஆடவேண்டும். நடுவில் ‘ஃப்ரீஸ்’ என்று குரல் வரும், கூடமே அப்படியே உறையும். பிறகு ‘டான்ஸ்’ என்பார்.